மருந்தின் பெயரைக் கேளுங்கள்!

(திருப்பருத்திக்குன்றம் நெசவாளர் தெருவில் நடந்த சுகாதார விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தறியை நிறுத்திவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு மணி நேரம் தறி நின்றால் கூலியில் எவ்வளவு குறையும் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறோம்.

நம் ஒவ்வொரு வீட்டிலும் மாடத்திலோ, அலமாரியிலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ கொஞ்சம் மாத்திரைகள் கிடக்கின்றன. போன மாதக் காய்ச்சலுக்கு வாங்கியதில் மிச்சம் நாலு. முதுகு வலிக்கு வாங்கியதில் மிச்சம் ஆறு. குழந்தையின் இருமலுக்கு வாங்கிய பாட்டிலில் அரைப் பாட்டில். அவற்றின் பெயர் என்ன என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்ல முடியும்? ‘வெள்ளை மாத்திரை’, ‘சிவப்பு மாத்திரை’, ‘அந்தக் கடைக்காரர் கொடுக்கிற செட்’ என்றுதான் சொல்வோம். பெயர் தெரியாத பொருளை நாம் உடம்புக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். இந்த நிலைமை மாற வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

கல்லில் வெட்டிய மருந்துப் பட்டியல்

நம்முடைய ஊர் சாதாரண ஊர் அல்ல. இது ஜினகாஞ்சி. திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்து ஓவியங்களைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். அந்தச் சமணப் பெரியோர்கள் தானங்களில் சிறந்தவையாக நான்கைச் சொன்னார்கள். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்பவையே அந்த நான்கு. மருந்து கேட்டவனுக்குக் கொடுக்க வேண்டிய பொருள் என்று கருதிய காலம் ஒன்று இருந்தது.

நம் ஊரைத் தொட்டு ஓடும் வேகவதி, பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கிற இடம் திருமுக்கூடல். அங்கே பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலையைப் பற்றி, அதாவது ஆஸ்பத்திரியைப் பற்றி, அது சொல்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்துச் சரக்குக் கொண்டு வருவோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் என்ன கொடுப்பது என்றும் அதில் வெட்டியிருக்கிறது. அதோடு நிற்கவில்லை. ஒரு வருஷத்துக்கு என்னென்ன மருந்துகள் இருப்பில் இருக்க வேண்டும் என்பதையும் பெயர் பெயராக வெட்டி வைத்திருக்கிறார்கள்.

பழைய ராஜாக்களைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஆஸ்பத்திரி கோயில் ஊழியருக்கும் அங்கே படித்த மாணவருக்கும்தான். உழுகிறவனுக்கும் நெய்கிறவனுக்கும் அல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொள்ளாயிரம் வருஷங்களுக்கு முன்பு, மருந்தின் பெயர் நாலு பேர் பார்க்கும்படி கல்லில் நின்றது. இன்றோ கத்தரிக்கோலால் வெட்டிய நாலு மாத்திரை காகிதப் பொட்டலத்தில் வருகிறது. அதற்குப் பெயரும் இல்லை, ரசீதும் இல்லை!

சுங்குவார்சத்திரத்திலிருந்து போன பாட்டில்

பெயர் தெரியாவிட்டால் என்ன, நோய் தீர்ந்தால் சரி என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே நடந்த ஒரு சம்பவத்தை நினைவூட்டுகிறோம்.

2025-ம் வருஷம் செப்டம்பர் மாதம், மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பகுதியில் சிறு குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். சாதாரணச் சளி, காய்ச்சல் என்று மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகள். சில நாட்களில் வாந்தி, பிறகு மூத்திரம் நின்றுபோயிற்று, சிறுநீரகம் செயலிழந்தது. இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள். அவர்கள் குடித்தது ‘கோல்ட்ரிஃப்’ என்னும் இருமல் மருந்து. அது எங்கே தயாரானது? இதோ, நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில், ஸ்ரீசன் பார்மா என்ற கம்பெனியில்.

அக்டோபர் முதல் வாரத்தில் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த மருந்தைச் சோதித்தது. அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. ஏறக்குறைய பாதிப் பாட்டில் விஷம்! அனுமதிக்கப்பட்ட அளவோ வெறும் 0.1 சதவீதம். தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கான குறைபாடுகள் கண்டுபிடிக்கப்பட்டன. அந்த மாதமே உரிமம் ரத்தாயிற்று. ஆனால் போன உயிர்கள் போனவைதானே?

இந்த விஷம் எப்படி மருந்துக்குள் வருகிறது? திரவ மருந்தில் மூலப்பொருளைக் கரைப்பதற்குப் புரோபிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற திரவங்களைச் சேர்க்கிறார்கள். மருந்துக்கென்று சுத்தம் செய்த சரக்கு விலை அதிகம். தொழிற்சாலை உபயோகத்துக்கான மட்டச் சரக்கு விலை குறைவு. அதிலே இந்த விஷம் கலந்திருக்கக் கூடும். வண்டிகளின் பிரேக் எண்ணெய் போன்றவற்றில் சேர்க்கும் பொருள் இது. நிறமில்லை, நாற்றமில்லை, நாக்குக்குத் தித்திப்பு! குழந்தை முகம் சுளிக்காமல் குடிக்கும். சோதனை செய்தால் ஒழியக் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டதில் மிச்சமான காசு சொற்பம். அதற்குக் கொடுத்த விலை குழந்தைகளின் உயிர்.

இது புதிய கதையும் அல்ல. 1937-ல் அமெரிக்காவில் இதே விஷம் கலந்த மருந்தால் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மறு வருஷமே அங்கே புதிய சட்டம் வந்தது. 1972-ல் நம் சென்னையிலேயே குழந்தைகள் இதற்குப் பலியானார்கள். 1986-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் கலப்படக் கிளிசரினால் 14 பேர் மாண்டார்கள். நீதிபதி லெண்டின் விசாரணை நடத்தி அறிக்கை கொடுத்தார். 2022-ல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, ஹரியானாவில் தயாரான இருமல் மருந்துகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. ஒவ்வொரு தடவையும் விசாரணை, அறிக்கை, கண்ணீர், மறதி! மறதிதான் இந்த விஷத்துக்கு உற்ற துணை.

தாய்மார்களே! இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. சீட்டில் எழுதிய மருந்தைத்தான் அந்தத் தாய்மாரும் கொடுத்தார்கள். ஆனால் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சிறு குழந்தைகளுக்கு இருமல் மருந்து பெரும்பாலும் தேவையே இல்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும் பொதுவாக வேண்டாம் என்று 2025 அக்டோபரில் மத்திய சர்க்காரின் சுகாதாரத் துறையே சொல்லிவிட்டது. கோல்ட்ரிஃபில் இருந்தது போன்ற சளி மருந்துக் கலவையை நாலு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என்று 2023-லேயே உத்தரவு வந்திருக்கிறது. சாதாரணச் சளி தானாகவே ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். தாய்ப்பால், வெதுவெதுப்பான நீர், ஓய்வு இவை போதும். மூச்சு வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூத்திரம் குறைந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

தறிக்குழியும் வலி மாத்திரையும்

இனிப் பெரியவர்கள் விஷயம். குழித்தறியில் காலை முதல் மாலை வரை குனிந்து உட்கார்ந்து மிதிக்கிறோம். முதுகும், இடுப்பும், முழங்காலும், தோளும் வலிக்காமல் என்ன செய்யும்? மெல்லிய பட்டு இழையையும் ஜரிகையையும் பார்த்துப் பார்த்துக் கண் மங்குகிறது. ஆனால் சேலையைக் குறித்த நாளில் இறக்கிக் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் அரை நாள் கூலி போகும். தெருமுனை மருந்துக் கடைக்குப் போனால் ஐந்து நிமிஷம். ‘இடுப்பு வலிக்கு ரெண்டு வேளைக்குக் கொடுங்க’ என்கிறோம். மாத்திரையைப் போடுகிறோம், வலி அடங்குகிறது, மறுபடி குழியில் இறங்குகிறோம். வலி என்பது உடம்பு அடிக்கும் மணி. நாம் மணியின் நாக்கைக் கட்டிவிட்டு வேலை செய்கிறோம்.

அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் போன்ற வலி நிவாரணிகள். இரண்டொரு நாள் டாக்டர் சொன்னபடி சாப்பிட்டால் நன்மை உண்டு. மாதக் கணக்கில் சாப்பிட்டால் வயிற்றில் புண், ரத்தக் கசிவு, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகச் சேதம் எல்லாம் வரக்கூடும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, அந்த இனத்தையே ஏறக்குறைய அழித்துவிட்டது. 2006-ல் இந்திய சர்க்கார் அதை மாட்டு வைத்தியத்துக்குத் தடை செய்தது. கழுகு வேறு, மனிதன் வேறுதான். ஆனாலும் விளையாட்டாக விழுங்கும் மருந்து அல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்னொன்று இதைவிட மோசம். சில பொட்டலங்களில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்து வரும். சாப்பிட்டதும் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், உடம்பு தேறுவதுபோலத் தெரியும். ‘கைராசிக்காரர்’ என்று கடைக்காரரைப் புகழ்வோம். மாதங்கள் போனால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனப்படும். பல நாள் சாப்பிட்ட பிறகு திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ‘மூட்டு வலிக்குக் கைகண்ட மருந்து’ என்று பெயரும் உரிம எண்ணும் இல்லாமல் விற்கப்படும் பொடிகளிலும் லேகியங்களிலும்கூட இதைக் கலந்து விற்பதுண்டு. உரிய உரிமத்தோடு, சித்த மருத்துவர் பார்த்துக் கொடுக்கும் மருந்தை நாங்கள் குறை சொல்லவில்லை. பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவைத்தான் வேண்டாம் என்கிறோம்.

அரை மணிக்கு ஒரு முறை குழியை விட்டு எழுந்து முதுகை நிமிர்த்துங்கள். தறிக்கு மேல் நல்ல வெளிச்சம் வையுங்கள். வருஷம் ஒரு முறை கண்ணைச் சோதியுங்கள். வலி விடாமல் இருந்தாலும், கால் மரத்தாலும் சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உள்ளவர்கள், ‘உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது’ என்று மாத்திரையை நிறுத்த வேண்டாம். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

காய்ச்சலும் பேதியும்

காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை. இரண்டு வேளைக்கு இடையே குறைந்தது நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். நாள் ஒன்றுக்கு எட்டைத் தாண்டவே கூடாது. குழந்தைக்கு எடையைப் பார்த்து டாக்டர் சொன்ன அளவுதான். வலி, சளி, காய்ச்சல் என்று மூன்று பெயரில் வாங்கும் மூன்று மாத்திரையிலும் பாரசிட்டமாலே இருக்கக் கூடும். தெரியாமல் மூன்று பங்கு போனால் ஈரல் கெடும். குடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இதற்காகவும்தான் பெயரைக் கேளுங்கள் என்கிறோம். நிமெசுலைடு என்ற மருந்தை 12 வயதுக்குட்பட்டோருக்கு 2011-லேயே தடை செய்துவிட்டார்கள்.

மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். அப்போது ஆஸ்பிரினும், டைக்ளோஃபெனாக்கும், ஐபுப்ரூஃபனும் ரத்தக் கசிவை அதிகமாக்கும். ஆகவே காய்ச்சலுக்கு ‘வலி ஊசி’ கேட்காதீர்கள். காய்ச்சல் இறங்கும் நேரத்தில் கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் ரத்தம், சோர்வு கண்டால் உடனே ஆஸ்பத்திரி.

பேதிக்கு மருந்து உப்புச் சர்க்கரைக் கரைசல். 1971-ல் வங்காள தேச அகதிகள் எல்லை தாண்டி வந்த வேளையில், பங்காவ் முகாமில் காலரா பரவியது. ஊசி வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைப் பீப்பாய்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார்; ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். அந்த மருந்து இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஒரு லிட்டர் பொட்டலத்தைக் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் முழுவதும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் கொடுத்து முடியுங்கள். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குழந்தைக்கு 14 நாள் துத்தநாக மாத்திரையும் அங்கேயே தருவார்கள். கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் தித்திப்புப் பானம் இதற்கு ஈடல்ல. அவற்றின்மேல் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று போடக் கூடாது என 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

பாதியில் நிறுத்தாதீர்கள்

ஆன்டிபயாட்டிக் மருந்து கிருமிகளில் ஒரு வகையாகிய பாக்டீரியாவைத்தான் கொல்லும். சாதாரணச் சளி வைரஸால் வருவது. அதை ஒன்றும் செய்யாது. அப்படியிருந்தும் சளிக்கு இரண்டு நாள் அசித்ரோமைசின் வாங்கிச் சாப்பிடுகிறோம். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோதே, குறைந்த அளவில் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அது இன்று கண்முன் நடக்கிறது. அட்டையின் மேல் செங்குத்தாகச் சிவப்புக் கோடு போட்டிருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. படிக்கத் தெரியாதவரும் இந்தக் கோட்டைப் பார்க்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் இருமல் மருந்தைத் தேடாதீர்கள், சளியைச் சோதியுங்கள். காச நோயாக இருக்கலாம். இதற்குப் பயப்படவும் வெட்கப்படவும் தேவையில்லை. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், சானடோரியத்தில் படுத்திருந்தவர்களும், நெருக்கடியான குடிசையில் இருந்துகொண்டு முறையாக மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமடைந்தார்கள் என்று 1959-ல் உலகத்துக்கே நிரூபித்துக் காட்டியது. நிரூபித்தவர்கள் சென்னை ஏழை மக்கள். சரியான மருந்தை, சரியான அளவில், முழு நாளும் சாப்பிட்டதுதான் அவர்கள் செய்த காரியம். சிகிச்சை இன்றும் சர்க்காரில் இலவசம்.

நாம் செய்ய வேண்டியதும் கேட்க வேண்டியதும்

இன்று முதல் மருந்துக் கடையில் ஐந்து கேள்வி கேட்போம். இதன் பெயர் என்ன? எதற்காக? எவ்வளவு, எத்தனை நாள்? காலாவதித் தேதி எது? ரசீது எங்கே? நாலு மாத்திரை வாங்கினாலும் பெயரும் தேதியும் உள்ள பகுதியைப் படம் பிடித்துக்கொள்வோம். சமையல் கரண்டியால் அளக்காமல், பாட்டிலோடு வரும் அளவு மூடியால் அளப்போம். ஒருவர் சீட்டை மற்றவர் உபயோகிக்க மாட்டோம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்போரும் அதை முதலிலேயே சொல்லிவிடுவோம். மிச்சமான பழைய பாட்டில்களை இன்றிரவே ஒழிப்போம்.

ஆனால் தோழர்களே, எல்லாப் பொறுப்பையும் தாயின் தலையில் கட்டிவிட்டுச் சர்க்கார் ஒதுங்க முடியாது. பாட்டிலுக்குள் இருக்கும் விஷத்தை எந்தத் தாயாலும் பார்க்க முடியாது. சோதனைச் சாலையால்தான் முடியும். ஆகவே நாம் கேட்கிறோம்: ஒவ்வொரு தொகுதித் திரவ மருந்தும், அதில் சேரும் கரைப்பான் உட்பட, வெளியே போகும் முன்பே சோதிக்கப்பட வேண்டும். மருந்து ஆய்வாளர் காலியிடங்கள் எங்கிருந்தாலும் நிரப்பப்பட வேண்டும். சோதனையில் தோற்ற மருந்தின் பெயரைத் தமிழில், கடை வாசலில் ஒட்ட வேண்டும். நெசவாளர் தெருக்களுக்கு மாலை நேரத்தில், தறி நின்ற பிறகு, டாக்டர் வர வேண்டும். நோய்வாய்ப்பட்ட நாளுக்கு நெசவாளிக்கு ஏதேனும் ஆதரவு வேண்டும். இல்லாவிட்டால் அவன் மாத்திரையை விழுங்கிவிட்டுக் குழியில்தான் இறங்குவான்.

மருந்துகளை ஒரே இடத்தில் வாங்கி, தரம் சோதித்து, சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு இலவசமாக அனுப்பும் மருத்துவப் பணிகள் கழகத்தை 1994-ல் அமைத்த மாநிலம் இது. வெளி மாநிலத்தார் வந்து பார்த்துக் கற்றுக்கொண்ட ஏற்பாடு அது. தனக்காக வாங்கும் மருந்தைச் சோதிக்கத் தெரிந்த சர்க்காருக்கு, தன் மண்ணில் தயாராகி வெளியே போகும் மருந்தையும் சோதிக்க முடியும். முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஒரு சேலையில் ஓர் இழை அறுந்தாலும் நெசவாளி விடுவதில்லை. தேடிப் பிடித்து முடி போட்ட பிறகுதான் அடுத்த ஊடை ஓடுகிறது. யாரோ உடுத்தப்போகும் சேலைக்கு அவ்வளவு கவனம் செலுத்தும் நாம், நம் குழந்தையின் வாயில் ஊற்றும் மருந்துக்கு அதில் பாதிக் கவனமாவது கேட்க வேண்டாமா?

நாளைக் காலை கடைக்குப் போகும்போது கேளுங்கள்: ‘ஐயா, இந்த மருந்தின் பெயர் என்ன?’ ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். தெருவே கேட்டால் பதில் சொல்வார். ஊரே கேட்டால், சர்க்காரும் பதில் சொல்லித்தான் தீர வேண்டும்.